கதையைச் சொல்வது யார்? குரல் பிசகும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

பிறருடைய சிறுகதை, நாவல் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் ஒரே பழுது வேறு வேறு முகங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர் "நடை எங்கோ இடிக்கிறது" என்று சொல்லிப் பிரதியைக் கொடுப்பார். அதற்குள் வாக்கியங்களை வெட்டி ஒட்டி, சொற்களை மாற்றி, புதிய வரைவும் எழுதிப் பார்த்திருப்பார். இடிப்பு மட்டும் போயிருக்காது. காரணம், பெரும்பாலான பிரதிகளில் பழுது வாக்கியத்துக்கு ஒரு படி மேலே இருக்கிறது: அந்த வாக்கியத்தைச் சொல்பவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் பிரதியின் அறிகுறி கீழே எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில், முழுவதும் மாற்றி எழுத வைக்கும் காரணம் கடைசியில். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

சங்க அகப்பாடல் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைக் கூறும் குறிப்பு. இதைக் கொளு என்பார்கள். உங்கள் பிரதியின் ஒவ்வொரு காட்சிக்கும் அப்படி ஒரு கொளு எழுதுங்கள். "தங்கை சொல்வது, அண்ணன் வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, தன் மகளிடம்." இவ்வளவு போதும்.

கொளு எழுத வராத காட்சி எதுவோ அங்கேதான் பழுது. எல்லாக் காட்சிக்கும் எளிதாக எழுத முடிகிறது, ஆனாலும் இடிக்கிறது என்றால் கீழே தொடருங்கள். "ஆசிரியர், வாசகரிடம், பொதுவாக" என்று எல்லாக் காட்சிக்கும் ஒரே கொளு வந்தால் நேராக ஏழாவது அறிகுறிக்குப் போய்விடலாம்.

## அறிகுறி 1: எதிரே இருப்பவரின் மனமும் தெரிந்துவிடுகிறது

இப்படி இருக்கும்:

"மாலதி கடிதத்தை மடித்து வைத்தாள். இதை இவனிடம் காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். கதிர் அவள் கையையே பார்த்தான். ஏதோ மறைக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது."

முதல் இரண்டு வாக்கியங்களில் மாலதிக்குள் இருந்தோம். நான்காவதில் கதிருக்குள் போய்விட்டோம். ஐந்தாவதில் அவள் முகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம், ஆனால் பயம் என்று உள்ளிருந்து சொல்கிறோம். வாசகர் இதைப் பிழையாகக் கண்டுபிடிக்க மாட்டார். அவருக்குத் தெரிவதெல்லாம், கண்டுபிடித்துவிடுவானோ என்ற பதற்றம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது என்பதுதான். இருவர் மனமும் திறந்து கிடக்கும் அறையில் இரகசியம் தங்குவதில்லை.

### பார்க்க வேண்டியவை

நினைத்தான், உணர்ந்தாள், தோன்றியது, புரிந்தது ஆகியவற்றை அடிக்கோடிடுங்கள். அத்தோடு "அவனுக்கு", "அவளுக்கு" என்பதையும் கணினியில் தேடுங்கள். தமிழில் வலி, பசி, கோபம், சந்தேகம் எல்லாம் "கு" உருபோடுதான் பெரும்பாலும் வரும் என்பதால், மனத்துக்குள் நுழைந்த இடங்களில் பாதிக்கு மேல் இந்தத் தேடலிலேயே சிக்கிவிடும். ஒரே காட்சியில் இருவருக்கும் "கு" விழுந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வா, போ. "கதிர் அறைக்குள் வந்தான்" என்றால் சொல்பவர் அறைக்குள் இருக்கிறார். "கதிர் அறைக்குள் போனான்" என்றால் வெளியே நிற்கிறார். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய எழுத்தில் அந்த எல்லை தளர்ந்துவிட்டாலும் காதுக்கு இன்னும் தெரிகிறது. மாலதியின் காட்சியில், அவள் இருக்கும் அறைக்குள் கதிர் "போனான்" என்று வந்தால், அந்த ஒரு சொல்லில் கதைசொல்லி அவளை விட்டு எழுந்து போய்விட்டார். இந்த, அந்த, இங்கே, அங்கே ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

### காரணங்களும் தீர்வும்

ஒன்றிரண்டு வாக்கியங்கள் மட்டுமே தாவியிருக்கின்றன. எளிய நிலை இது. தாவிய எண்ணத்தைக் கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் செயலாக மாற்றுங்கள். "ஏதோ மறைக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது" என்பதை எடுத்துவிட்டு, "யாரிடமிருந்து?" என்று கதிரைக் கேட்க வையுங்கள். அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று மாலதியோடு சேர்ந்து வாசகரும் தவிப்பார்.

காட்சியின் நடுவில் ஒரே ஒரு முறை, முழுதாகக் கைமாறுகிறது. அந்த இடத்தில் இடைவெளி விட்டுப் புதிய காட்சியாக்குங்கள். முதல் வாக்கியத்திலேயே இனி யாரோடு இருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

எல்லாக் காட்சியிலும் தாவல் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் விரும்பியது எல்லாம் அறிந்த கதைசொல்லியை. ஆனால் அவரை மேடைக்கு அழைக்கவே இல்லை. பாத்திரங்கள் எவருக்கும் தெரிய முடியாத ஒரு செய்தியை முதல் பக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள்: "அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்பதில் இருவருமே தவறாக இருந்தார்கள்." இந்த ஒரு வரி இருந்துவிட்டால், பிறகு அவர் யார் மனத்துக்குள் போனாலும் வாசகர் உடன் வருவார். 80ஆம் பக்கத்தில் திடீரென்று எல்லாம் அறிந்தவராக ஆக முடியாது.

தாவலே இல்லை, ஆனாலும் காட்சி சப்பென்று இருக்கிறது. பார்வைக்கோணம் தவறான ஆளிடம் இருக்கலாம். இந்தக் காட்சியில் இழக்கப்போவது யாருக்கு அதிகம் என்று பாருங்கள். அந்த ஆளின் பக்கமிருந்து ஒரே ஒரு பக்கம் மட்டும் மாற்றி எழுதிப் படியுங்கள். உயிர் வந்தால் மட்டும் மீதியைத் தொடுங்கள். நாவல் முழுக்க மாற்றத் தொடங்கிவிட்டுப் பாதியில் மலைத்து நிற்பவர்கள் அதிகம்.

### எப்போது பிறரிடம் கொடுப்பது

அந்த ஒரு பக்கச் சோதனைக்குப் பிறகும் எது மேல் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், இரண்டு வடிவங்களையும் ஓர் எடிட்டரிடம் கொடுங்கள். முதல் 20 பக்கம் போதும். முழு நாவலையும் அனுப்பிக் காசையும் காலத்தையும் செலவிட இது கட்டமில்லை.

## அறிகுறி 2: "நான்" சொல்லும் கதையை நம்ப முடியவில்லை

தன்மையில் எழுதுவது எளிது என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். தொடங்குவதுதான் எளிது.

### 2அ. "நான்" அறிய முடியாததை அறிகிறது

"நான்" இல்லாத அறையில் நடந்த சண்டை வரிக்கு வரி வருகிறதா? ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: கண்டது, கேட்டது, ஊகித்தது. குறி போட முடியாதவை வெளியேற வேண்டும், அல்லது வழி தேட வேண்டும். தமிழில் வழி மலிவு. "அம்மா அழுதாள்" என்பது கண்டது. "அம்மா அழுதாளாம்" என்றால் நடுவில் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். "அழுதிருப்பாள்", "அழுதாள் போலிருக்கிறது" என்றால் ஊகம். ஈற்றில் ஒரு "ஆம்" சேர்த்தால் ஒரு சாட்சியே கதைக்குள் வந்துவிடுகிறார். வரிக்கு வரி தூவினால் மட்டும் ஊர்வம்பாகிவிடும். பத்தியின் தொடக்கத்தில் ஒரு முறை வந்தால் மீதியை வாசகர் அதே கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

### 2ஆ. வயதுக்கு ஒட்டாத மொழி

ஒன்பது வயதுப் பிள்ளை, "அவர்களுக்கிடையே நிலவிய மௌனம் ஒரு முறிவின் முன்னறிவிப்பாக இருந்தது" என்கிறது. உடனே மொழியை எளிமையாக்க ஓடாதீர்கள். முதலில் கேளுங்கள்: சொல்வது அந்தப் பிள்ளையா, வளர்ந்த பிறகு நினைத்துப் பார்க்கும் அதே ஆளா?

வளர்ந்த ஆள்தான் என்றால் பழுது சிறிது. எங்கிருந்து பார்க்கிறார் என்று தொடக்கத்தில் ஒரு வரி இருந்தால் அந்த மொழி அவருக்கு உரிமையாகிவிடும். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் நாயகன் தன் வாழ்க்கையைத் தானே பின்னோக்கிச் சொல்கிறான். நடுநடுவே கிளைக்கதையும் புத்திமதியும் சொல்ல அவனுக்கு இடம் கிடைப்பது, நடந்ததெல்லாம் முடிந்த பிறகு பேசுவதால்தான். அந்தச் சலுகை, நடக்கும்போதே பேசும் "நான்" என்பவருக்குக் கிடையாது.

பிள்ளையேதான் என்றால் வேலை அதிகம். "மை" விகுதிப் பெயர்களை எல்லாம் வட்டமிடுங்கள்: வெறுமை, தனிமை, இயலாமை. அவை போனால் அந்த இடத்தில் பிள்ளை எதைப் பார்த்தது என்று எழுத வேண்டியிருக்கும். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார், அம்மா அதை எடுக்கவில்லை, தட்டு ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது. பிள்ளை பார்த்ததைச் சொல்லும், புரிந்துகொள்ளாது. புரிந்துகொள்ளும் வேலை வாசகருடையது. மழலைத் தமிழில் எழுதுவது குறுக்குவழி, இரண்டாம் பக்கத்திலேயே சலித்துவிடும்.

### 2இ. "நான்" எப்போதும் சரி, உலகம் எப்போதும் தவறு

நம்பத்தகாத கதைசொல்லியை வேண்டுமென்றே படைத்தீர்களா, தற்செயலாக அமைந்ததா? கேள்வி கொஞ்சம் கசக்கும். ஆனால் விடை வேண்டும். வேண்டுமென்றே என்றால், கதைசொல்லி பார்த்துச் சொல்லியும் தானே புரிந்துகொள்ளாத ஒரு சின்ன விஷயத்தை முதல் சில பக்கங்களில் வையுங்கள். எல்லோரும் தன் பேச்சை ரசித்தார்கள் என்கிறான். அதே பத்தியில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போகிறார்கள். இப்படி ஒரு விரிசல் இல்லாவிட்டால், தற்பெருமை கதைசொல்லியுடையது என்று வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டார், உங்களுடையது என்பார்.

தற்செயல் என்றால், இந்தக் கதை உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். இதை நீங்களே சரிசெய்வது கடினம். உங்களைத் தெரியாத ஒரு வாசகரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: காலம் நழுவுகிறது

இறந்தகாலத்தில் போன கதை, பரபரப்பான இடத்தில் "ஓடுகிறான், விழுகிறான்" என்று மாறுகிறது. வாய்விட்டுக் கதை சொல்வதுபோன்ற குரல் என்றால் இது இயல்பு, விட்டுவிடுங்கள். மற்றபடி ஒவ்வொரு பத்தியின் கடைசி வினைமுற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் அரை மணி நேர வேலை. இன்றும் நிலைத்திருக்கும் உண்மைகளுக்கு நிகழ்காலம் வரலாம். அதைத் திருத்திக் கெடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இடிக்கின்றன

விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்பது நெடுநாள் நடைமுறை. இடிப்பது பெரும்பாலும் இரண்டும் சந்திக்கும் தையலில்தான். உரையாடல்களை மட்டும் தனியாக உரக்கப் படியுங்கள், பிறகு விவரிப்பை மட்டும். இரண்டும் தனித்தனியே நன்றாக ஒலித்தால் தையலைப் பாருங்கள்.

ஒரே வாய்க்குள் இரண்டு வழக்கும் கலந்திருப்பது எளிய காரணம். "நாளைக்கு வர்றேன், நீ காத்திருப்பாயாக" என்று எவரும் பேசுவதில்லை. தேடித் திருத்துங்கள். ஒரே ஆள் ஓரிடத்தில் "வந்திட்டான்", இன்னோரிடத்தில் "வந்துட்டான்" என்பதும் இந்த வகைதான். பாத்திரத்துக்கு ஒரு தாள் வைத்து எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிட்டால் தீர்ந்தது.

மனத்தில் ஓடும் எண்ணம் எந்த வழக்கில் வருவது என்று முடிவு செய்யாதது அடுத்த காரணம், இதுதான் அதிகம். இரண்டு பாதைகள் உண்டு. "என்று நினைத்தாள்" போட்டு எண்ணத்தை மேற்கோளாக்குவது ஒன்று. மற்றது, கதைசொல்லியின் எழுத்துத் தமிழிலேயே பாத்திரத்தின் எண்ணத்தைக் கரைத்துவிடுவது:

"மாலதி கதவைத் திறந்தாள். இவன் எங்கே இங்கே? இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?"

"நினைத்தாள்" இல்லை, மேற்கோள் இல்லை. ஆனாலும் "இவன்", "இங்கே", "இன்றைக்கு" எல்லாம் மாலதியுடைய சொற்கள் என்று ஐயமில்லாமல் தெரிகிறது. இரண்டில் எது வேண்டுமானாலும் எடுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்காதீர்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். "என்று நினைத்தாள்" என்பதை நீக்கிய பிரதிகள் பெரும்பாலும் மூச்சு விடத் தொடங்குகின்றன.

உங்களுடையதல்லாத வட்டார வழக்கில் எழுதியிருப்பது செலவு பிடிக்கும் காரணம். அகராதி சொல்லைத் தரும். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த சொல்லகராதியே இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லை யார் முன்னால் பேச மாட்டார்கள், கோபத்தில் வாக்கியம் எங்கே அறுபடும் என்பது அகராதியில் வராது. அந்த வழக்கைப் பேசி வளர்ந்த ஒருவரிடம் உரையாடல் பக்கங்களைக் கொடுங்கள். இந்த வேலைக்கு எடிட்டர் உதவ மாட்டார். ஆள் கிடைக்காவிட்டால் வழக்கைக் குறைத்துவிடுங்கள். நான்கைந்து சொற்கள் சரியாக விழுந்தால் போதும், காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

## அறிகுறி 5: எல்லோரும் ஒரே ஆள்போல் பேசுகிறார்கள்

பெயர்களையும் "என்றான்", "என்றாள்" ஆகியவற்றையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால், கேட்ட கேள்விக்கு எல்லோரும் நேராக முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். அனேகமாகச் சொல்வார்கள். ஒருவரைக் கேள்வியால் பதில் சொல்ல வையுங்கள், இன்னொருவரைப் பேச்சை மாற்ற வையுங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் சரிபாருங்கள்: பெயர் சொல்லியா, அண்ணி என்றா, சார் என்றா, அழைப்பதையே தவிர்த்தா. ஆளுக்கொரு தாரகச் சொல்லைக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது தீர்வாகாது.

## அறிகுறி 6: "அவன்", "அவர்" ஊசலாடுகிறது

"ஆசிரியர் உள்ளே வந்தார். அவன் முகத்தில் களைப்பு." இது வெறும் கைத்தவறு என்றால் திருத்திவிட்டு நகரலாம். ஆனால் பல பிரதிகளில் இது வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும்போதே அவரைவிட நீங்கள் மேலா கீழா என்பதை வினைமுற்று சொல்லிவிடுகிறது.

எல்லாப் பாத்திரங்களையும் பட்டியலிட்டு, கதைசொல்லி ஒவ்வொருவருக்கும் "ஆன்" போடுகிறாரா "ஆர்" போடுகிறாரா என்று எழுதிப் பாருங்கள். முதலாளி "வந்தார்", அதே வயதுத் தொழிலாளி "வந்தான்" என்றிருந்தால் நிறுத்துங்கள். யாருடைய பழக்கம் இது? முதலாளி வீட்டுப் பிள்ளையின் பார்வையில் நடக்கும் கதை என்றால் அது அந்தப் பிள்ளையின் பழக்கம், கதைக்கு வேண்டியதுதான். எவர் பக்கமும் சாராத கதைசொல்லி என்றால் அது உங்கள் பழக்கம். வாசகர் பார்த்துவிடுவார்.

பார்வைக்கோணம் மாறும்போது விகுதியும் மாற வேண்டும். மாணவியின் காட்சியில் "வந்தார்" ஆக இருப்பவர், அவருடைய அக்காவின் காட்சியில் "வந்தான்" ஆக வேண்டும். பலர் சீர்மைக்காக எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிட்டு, கையிலிருந்த கருவியைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள். நூறு பக்கம் "அப்பா வந்தார், அப்பா சொன்னார்" என்று போன கதையில், ஒரு காட்சியின் முடிவில் மகன் "அவன் போனான்" என்று சொன்னால், இரண்டு பக்க விளக்கம் செய்யாததை ஒரு விகுதி செய்துவிடும். ஒரு நாவலுக்கு ஒரு முறைக்கு மேல் பலிக்காது.

## அறிகுறி 7: வாக்கியங்கள் அழகு, கதை நகரவில்லை

முதலில் ஓசை. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால், "வந்தான். அமர்ந்தான். பார்த்தான்." என்று ஈறுகள் ஒன்றோடொன்று மோதும். அதற்குப் பயந்து "வந்து, அமர்ந்து, பார்த்து, பெருமூச்சு விட்டு" என்று எச்சங்களைக் கோத்தால் நான்கு செயல்களும் ஒரே எடையில் விழுந்து, முக்கியமானது எது என்று தெரியாமல் போகும். முக்கியமான செயலுக்குத் தனி வாக்கியம் கொடுங்கள். பெயர்ச்சொல்லில் முடியும் வாக்கியத்தை இடையில் போடுங்கள்: "கையில் அதே கடிதம்."

பிறகு உவமை. "போல", "போன்ற" ஆகியவற்றைத் தேடி, ஒவ்வொன்றையும் இது யாருக்குத் தோன்றிய உவமை என்று கேளுங்கள். தையல்காரரின் கண்வழி நடக்கும் கதையில் கடலும் கப்பலுமாக வந்தால், அவர் கடலருகே வளர்ந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உவமை உங்களுடையது. உங்களுடையவற்றை நீக்குங்கள். மனம் வராவிட்டால் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள்.

இரண்டும் செய்தாகிவிட்டது, இன்னும் நகரவில்லை. அப்படியானால் காட்சியின் தொடக்கத்தில் இருந்த நிலை முடிவில் மாறியிருக்கிறதா? எவருக்கும் எதுவும் மாறவில்லை என்றால், நடையைக் கொண்டு அந்த ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். காட்சியை எடுத்துவிட்டுப் படியுங்கள். குறை தெரியாவிட்டால் அது வெளியிலேயே இருக்கட்டும்.

முதல் சோதனையிலிருந்து நேராக இங்கே வந்தவர்களுக்கு: உங்கள் கதையில் சொல்பவர் இன்னும் பிறக்கவில்லை. ஏதாவது ஒரு காட்சியை எடுத்து, அதைச் சொல்வதற்குத் தயங்கக்கூடிய ஒரு பாத்திரத்தின் வாயால், மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள். பிறகு படர்க்கைக்கே திரும்பினாலும் அந்தத் தயக்கம் கூடவே வரும்.

## வெளியே கொடுக்கும்போது

குரல் பழுதுக்கு மெய்ப்புத் திருத்துபவரிடம் போகாதீர்கள். அவர் பார்ப்பது ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும். வேண்டியது பிரதியின் அமைப்பைப் பார்க்கும் எடிட்டர். அவரிடம் "நடை எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "சொல்பவர் மேல் உங்களுக்கு எந்தப் பக்கத்தில் நம்பிக்கை போயிற்று?" என்று கேளுங்கள், பக்க எண்ணோடு பதில் வரும்.

எல்லாம் முடிந்து மெய்ப்புக்குப் போகும்போது, வேண்டுமென்றே மீறிய இடங்களைப் பட்டியலிட்டுப் பிரதியோடு இணைத்துவிடுங்கள்: பிள்ளையின் அரைகுறை வாக்கியங்கள், பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும் எழுத்துக்கூட்டல், அந்த ஒரே ஒரு "அவன் போனான்". பட்டியல் இல்லாவிட்டால் நல்ல மெய்ப்புத் திருத்துபவர் அதை "அவர் போனார்" என்று திருத்திவிடுவார். தன் வேலையைத்தான் செய்திருப்பார், கோபித்துக்கொள்ளவும் முடியாது.